காண்ட்ராக்டா, பர்மனென்டா? மந்தக் காலத்தில் ஓசூர் வட்டாரத்தின் கணக்கு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரே அசெம்பிளி லைனில் அருகருகே நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இரண்டு முதலாளிகள் இருக்கலாம். ஒருவருடைய பெயர் கம்பெனி ரோலில் இருக்கும். மற்றவருடைய பெயர் லேபர் காண்ட்ராக்டரின் பதிவேட்டில் இருக்கும். சட்டையின் நிறமும் கேட் பாஸின் நிறமும் மாறும். பல இடங்களில் சம்பளம் பாதிக்கும் கீழே இறங்கும். ஆர்டர் நிறைய இருக்கும்வரை இந்த வேறுபாடு மாதத்துக்கு ஒருமுறை, பே-ஸ்லிப் கைக்கு வரும் நாளில் மட்டும் உறுத்தும். வண்டி விற்பனை சரியத் தொடங்கியதும் யாருக்கு நாளைக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்பதை அந்த வேறுபாடே முடிவு செய்கிறது. அதனால்தான் ஒவ்வொரு மந்தநிலையின்போதும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே ஒரே பேச்சு எழுகிறது: எங்காவது பர்மனென்டாகப் போய்விடலாமா?

மேலை நாடுகளில் இந்தக் கேள்விக்கு வேறு முகம். பிரிட்டனில் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி பதிவு செய்துகொண்டு நாள் கூலிக்கு வேலை செய்யும் மென்பொருள் ஒப்பந்தக்காரர், நிரந்தர ஊழியரைவிட அதிகமாகச் சம்பாதிப்பது வழக்கம். விடுப்பு இல்லை, நோய்க்காலச் சம்பளம் இல்லை, நாளைய வேலைக்கு உறுதி இல்லை. அந்த இடருக்கெல்லாம் ஈடாகத்தான் அவருக்கு உயர்ந்த கூலி. மந்தநிலை வரும்போது அவர் தம் உயர்ந்த வருமானத்தை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்கலாமா என்று யோசிக்கிறார். ஓசூரில் இந்தக் கணக்கு தலைகீழ். இங்கே இடரும் குறைந்த கூலியும் ஒரே தோளில் ஏறியிருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் பர்மனென்ட் வேலைக்குப் போவதால் விட்டுக்கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை என்று தோன்றும். உண்மையில் அவர் முன்னால் இருப்பது பல வகைப் பர்மனென்ட்கள். அவற்றில் எது உண்மையானது, எந்த வாசல் வழியாக அது கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பவைதான் கேள்விகள்.

இந்த வட்டாரத்தின் தொழில் வரலாறு பர்மனென்ட் வேலையில்தான் தொடங்கியது. சிப்காட் நிறுவனம் 1971இல் உருவானது. அதன் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூர். வறண்ட, பின்தங்கிய பகுதி என்பதால் அரசு மானியம். பெங்களூரு கைக்கெட்டும் தூரம். இந்த இரண்டும் சேர்ந்து ஆலைகளை இழுத்தன. 1980ஐ ஒட்டி டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் இங்கே தயாராகத் தொடங்கின. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், ஓசூரில் கைக்கடிகார ஆலையை நிறுவி, பள்ளிப் படிப்பு முடித்த சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தது. அன்று ஆலைக்குள் போனவர்களில் பலர் அங்கேயே ஓய்வு பெற்றார்கள். ஓசூரில் வீடு கட்டி, பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்கவைத்த அந்தத் தலைமுறைதான் இன்றும் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இருக்கும் மதிப்பை உண்டாக்கியது.

அதற்குப் பின் வந்த தலைமுறைக்கு வாசல் குறுகியது. தொழிற்சாலைகள் குறித்த மத்திய அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளர். 2022-23இல் அது 40.7 சதவீதம். இது ஆவணங்களில் ஒப்பந்தத் தொழிலாளர் என்று பதிவானவர்களின் கணக்கு. அப்ரண்டிஸ், டிரெய்னி என்று பலவகைப் பெயர்களில் லைனில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநர் ஒரு பயிற்சியாளர், தொழிலாளர் அல்ல. அவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. தொழிலாளர் சட்டங்களில் பெரும்பாலானவை அவரைத் தொடுவதில்லை. பிளஸ் டூவோ ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்த ஒரு கிராமத்து இளைஞர் முதலில் அப்ரண்டிஸ், பிறகு காண்ட்ராக்ட், பிறகு இன்னொரு கம்பெனியில் டிரெய்னி, மீண்டும் காண்ட்ராக்ட் என்று இருபதுகளைக் கடந்துவிடுவது இங்கே சாதாரணம்.

அஞ்செட்டி இந்தத் தொழில் வட்டாரத்தின் ஓரத்தில், காடும் மலையும் சூழ்ந்த தாலுகா. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். யானை நடமாடும் காட்டுச் சாலை. இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்பும் வழி அல்ல. ராகியும் கொள்ளும் நிலக்கடலையும் புளியும் தரும் மானாவாரி நிலம் ஒரு குடும்பத்துக்கு உணவைத் தரும், ரொக்கத்தைத் தராது. ஆகவே இங்கிருந்து ஆலை வேலைக்குப் போகிறவர் ஓசூரிலோ மத்திகிரியிலோ கர்நாடக எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலோ நாலைந்து பேருடன் ரூம் எடுத்துத் தங்குகிறார். ஓசூர்க்காரருக்குச் சம்பளத்திலிருந்து போகாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இவருக்குப் போகின்றன. வேலை நின்றால் ஓசூர்க்காரர் வீட்டிலிருந்தபடி அடுத்த வேலையைத் தேடலாம். அஞ்செட்டிக்காரர் இரண்டாவது மாத வாடகை வருவதற்குள் ரூமைக் காலி செய்ய வேண்டும். மந்தநிலை இருவரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை.

மந்தநிலை எப்படி இறங்கி வருகிறது என்பதற்கு 2019 தெளிவான பாடம். 2018 ஜூலையில் லாரிகளின் அனுமதிக்கப்பட்ட அச்சு எடை உயர்த்தப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த லாரிகளே கூடுதல் சரக்கை ஏற்றலாம் என்றானதால் புது லாரிக்குத் தேவை குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐஎல் அண்டு எஃப்எஸ் நிதி நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் தடுமாற, வண்டிக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் கையை இறுக்கிக்கொண்டன. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதி வருகிறது என்பதால் வாங்குவோர் காத்திருந்தனர். 2019 ஜூலையில் நாட்டின் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ 31 சதவீதம் சரிந்தது. உதிரிபாக உற்பத்தியாளர் சங்கமான ஆக்மா 10 லட்சம் வேலைகள் ஆபத்தில் இருப்பதாக எச்சரித்தது. செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் ஆலைகளுக்கு உற்பத்தியில்லா நாள்களை அறிவித்தது. ஓசூர் ஆலைகளுக்கு 5 நாள், எண்ணூருக்கு 16 நாள். பெரிய ஆலை ஐந்து நாள் நின்றால் அதற்கு பிராக்கெட்டும் கியரும் ரப்பர் பாகமும் செய்து கொடுக்கும் சிறு யூனிட்டுகளில் பல வாரங்கள் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இருக்காது, பிறகு இரண்டாவது ஷிப்ட் இருக்காது.

அந்த ஆகஸ்டிலேயே மாருதி சுசுகி நிறுவனத் தலைவர் ஆர்.சி. பார்கவா, சுமார் 3,000 தற்காலிகத் தொழிலாளர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ‘புதுப்பிக்கப்படவில்லை’ என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். அன்று நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டத்தில் 1984இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்து அது புதுப்பிக்கப்படாமல் போவது ஆள்குறைப்பு ஆகாது. ஆள்குறைப்பு இல்லையென்றால் முன்னறிவிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை, கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வரிசையும் இல்லை. நிறுவனத்தின் பார்வையில் ஒப்பந்தத் தொழிலாளர் என்பவர் செலவில்லாமல் குறைக்கக்கூடிய எண்ணிக்கை. சட்டம் அப்படி அமைந்திருக்கும்போது, மந்தநிலையில் அவர்தான் முதலில் போவார். தனிப்பட்ட எந்த நிர்வாகியின் நல்ல மனமும் கெட்ட மனமும் இதில் பெரிய மாற்றத்தைச் செய்துவிடாது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய அவலமும் அல்ல. 2008 இறுதியில் ஜப்பானின் கார், மின்னணு ஆலைகள் ஏஜென்சி வழியாக எடுத்த தொழிலாளர்களைப் பெருமளவில் நிறுத்தின. பலர் கம்பெனி விடுதிகளில் தங்கியிருந்ததால் வேலையோடு படுக்கையும் போயிற்று. அந்த ஆண்டின் கடைசி நாளில் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் தொண்டர்கள் கூடாரம் அடித்து, சுமார் 500 பேருக்குப் புத்தாண்டுக்குச் சோறும் இடமும் கொடுத்தார்கள். ஜெர்மனியில் உற்பத்தி குறையும்போது வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அரசே ஈடுசெய்யும் ஏற்பாடு உண்டு. பிள்ளை உள்ளவர்களுக்கு 67 சதவீதம். அங்கும் 2008-09இல் முதலில் வெளியே போனவர்கள் ஏஜென்சித் தொழிலாளர்கள்தான்.

பர்மனென்ட் ஆனவருக்கு மந்தநிலையில் என்ன கிடைக்கிறது என்பதை ரூபாயில் பார்ப்பது நல்லது. முதலில் லே-ஆஃப். குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை வேலை இல்லையென்று நிறுத்திவைத்தால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் பாதியைக் கொடுக்க வேண்டும். ஆனால் 50 தொழிலாளருக்குக் குறைவான யூனிட்டுக்கு இந்தக் கடமை கிடையாது. தினமும் குறித்த நேரத்தில் கேட்டில் ஆஜராகிப் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஊருக்குத் திரும்பிவிட்ட அஞ்செட்டிக்காரர் இந்தப் பாதிச் சம்பளத்தையும் இழந்துவிட இது போதும்.

அடுத்து ஆள்குறைப்பு. ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். இதோடு ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. மாதம் 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஆறு ஆண்டு வேலை செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். முன்னறிவிப்புக்கு 18,000, இழப்பீடு சுமார் 54,000, 26 நாளை ஒரு மாதமாகக் கொண்டு கணக்கிடும் கிராஜுவிட்டி சுமார் 62,300. மொத்தம் 1,34,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். அதே ஆறு ஆண்டு அதே ஆலையில் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளருக்குக் காண்ட்ராக்டர் இரண்டு முறை மாறியிருந்தால், எந்த ஒரு காண்ட்ராக்டரிடமும் அவர் ஐந்தாண்டு முடித்திருக்க மாட்டார். கிராஜுவிட்டி கேட்டால் பழைய காண்ட்ராக்டரும் புதியவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். மாதச் சம்பள வித்தியாசத்தை எல்லோரும் பேசுகிறார்கள். கடைசி நாளன்று கையில் வரும் இந்தத் தொகையைச் சிலரே கணக்கில் சேர்க்கிறார்கள்.

பர்மனென்ட் ஆவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிக் கதவு இருக்கிறது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம், 1981. இது 1982 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் உயிர் ஒரே வரியில் இருக்கிறது: 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணி செய்த தொழிலாளர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தம், தொழிலாளரின் தவறு இல்லாமல் வேலை நின்றுபோவது ஆகியவற்றால் ஏற்படும் இடைவெளி இந்தத் தொடர்ச்சியை முறிப்பதில்லை. மந்தநிலையில் கம்பெனி தானே மூடிய நாள்கள் ஒருவரின் தொடர்ச்சியைக் கெடுக்காது என்பது இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான பாதுகாப்பு. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ 480 நாள் முடிப்பவருக்கு அந்த எண்ணால் மட்டும் எந்த உரிமையும் பிறப்பதில்லை.

480 என்ற எண்ணை ஓசூரில் எல்லா ஹெச்.ஆர். அலுவலகமும் அறியும். ஆகவே அதைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ளும் வழிகளும் பழகிப்போயின. பதினோரு மாதம் முடிந்ததும் பிரேக் கொடுப்பது, ஆளை அதே இடத்தில் வைத்துக்கொண்டு காண்ட்ராக்டரின் பெயரை மட்டும் மாற்றுவது, இரண்டாம் ஆண்டில் டிரெய்னி என்று புது ஆர்டர் கொடுப்பது. மந்தநிலை இந்த வேலையை இன்னும் எளிதாக்குகிறது. ஆர்டர் இல்லை என்று சொல்லி 400ஆவது நாளில் நிறுத்தினால் யாரும் வியப்படைவதில்லை. ஆர்டர் திரும்பியதும் புது முகங்களோடு எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. தொழிலாளர் நலச் சட்டங்களில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்று நடைமுறையில் இவ்வளவு தேய்ந்துபோனது பெரிய இழப்பு. ஆனாலும் அது செத்த சட்டம் அல்ல. தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையின் ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம்; அவர் பதிவேடுகளை வரவழைத்துப் பார்க்கலாம்; உயர் நீதிமன்றம்வரை போய் வென்றவர்கள் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளருக்கு இந்தக் கதவில் கூடுதலாக ஒரு பூட்டு உண்டு. 480 நாளை நிரூபிப்பதற்கு முன், தாம் உண்மையில் அந்த நிறுவனத்தின் தொழிலாளரே, இடையிலிருக்கும் காண்ட்ராக்டர் வெறும் பெயருக்குத்தான் என்று அவர் நிலைநாட்ட வேண்டியிருக்கிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குபடுத்தல் மற்றும் ஒழித்தல்) சட்டத்தின் கீழ் ஒரு வேலையில் ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டால், அதைச் செய்துவந்தவர்கள் தாமாகவே நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிடுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் ஏர் இந்தியா வழக்கில் சொன்னது. 2001 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தாமாக ஆவதில்லை, ஒப்பந்தம் போலி என்று தொழில் தீர்ப்பாயத்தில் மெய்ப்பித்தால்தான் உண்டு. அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட அந்த வேலைக்கு நிறுவனம் நிரந்தர ஆள் எடுக்கும்போது, ஏற்கெனவே அதைச் செய்துவந்த ஒப்பந்தத் தொழிலாளர் தகுதியுடையவராயின் முன்னுரிமை தர வேண்டும், தேவைப்பட்டால் வயது வரம்பையும் கல்வித் தகுதியையும் தளர்த்தலாம் என்பது. கூட்டாகக் கேட்டவர்களுக்குக் கதவு திறந்ததும் உண்டு. தமிழ்நாடு மின்வாரியத்தில் நீதிபதி காலித் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 1990களில் சுமார் 18,000 ஒப்பந்தத் தொழிலாளர் படிப்படியாக உள்ளே எடுக்கப்பட்டார்கள். அது அரசு நிறுவனம், பின்னால் சங்கங்களும் இருந்தன. ஓசூரின் தனியார் ஆலையில் தனியாளாக நிற்பவருக்கு அந்த வழி நீண்டது.

ஆகவே பெரும்பாலானோர் தேர்ந்தெடுக்க வேண்டியது வேறொன்று. பெரிய ஆலையில் காண்ட்ராக்டாகத் தொடர்வதா, சிறு யூனிட்டில் பர்மனென்டாகச் சேர்வதா? பெரிய ஆலையில் கம்பெனி பஸ் வருகிறது, கேன்டீனில் சாப்பாடு மலிவு, சம்பளம் தேதி தவறுவதில்லை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பெரும்பாலும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றன. காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. சிறு யூனிட்டில் சம்பளம் குறைவாக இருக்கலாம், பஸ் இருக்காது, கேன்டீன் இருக்காது. ஆனால் வேலை கற்றுக்கொள்ளலாம். லைனில் ஒரே போல்ட்டை இரண்டு ஆண்டு முடுக்கியவரைவிட, ஜாப் ஒர்க் பட்டறையில் சிஎன்சி மெஷினை செட் செய்யப் பழகியவருக்கு அடுத்த வேலை எளிதில் கிடைக்கும். மந்தநிலையில் வெளியே வந்தவர்களில் யாருக்கு மறுபடி வேலை கிடைக்கிறது என்பதை நிர்ணயிப்பது இந்தக் கைத்திறன்தான். பெரிய பெயரின் கேட் பாஸுக்காகக் கைத்தொழிலை விட்டுக்கொடுப்பது இருபத்தைந்து வயதுக்குப் பிறகு ஈடுசெய்ய முடியாத நஷ்டமாகிவிடுகிறது.

சிறு யூனிட்டின் பர்மனென்ட் என்ற சொல்லையும் திறந்து பார்க்க வேண்டும். 50 பேருக்குக் குறைவான யூனிட்டில் லே-ஆஃப் இழப்பீடு இல்லை என்பது ஒன்று. நியமன உத்தரவில் புரபேஷன் எத்தனை மாதம், அதன்பின் கன்ஃபர்மேஷன் எழுத்தில் வருமா என்பது இன்னொன்று. அந்த யூனிட் ஒரே ஒரு பெரிய கம்பெனிக்கு மட்டும் பாகம் செய்கிறதா, ஐந்தாறு கம்பெனிகளுக்கா என்பது எல்லாவற்றையும்விடப் பெரிது. ஒரே வாடிக்கையாளரை நம்பிய யூனிட், அந்த வாடிக்கையாளர் தும்மினால் படுத்துவிடும். என்ன பாகம் என்பதையும் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது. மின்சார ஸ்கூட்டரில் பிஸ்டன் இல்லை, கார்புரேட்டர் இல்லை, சைலன்சர் இல்லை. ஏத்தர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளி அருகிலும் ஆலை வைத்திருக்கும் மாவட்டத்தில் இன்ஜின் பாகம் மட்டும் செய்யும் யூனிட்டின் பர்மனென்ட் வேலை, விற்பனைச் சரிவு இல்லாமலேயே கரையக்கூடியது. மின்சார வண்டி பக்கமும் எல்லாம் உறுதி என்று சொல்லிவிட முடியாது. புதிய தொழில், கடும் போட்டி, அரசு மானியத்தின் ஏற்ற இறக்கம் எல்லாம் ஆள் கணக்கில் உடனே எதிரொலிக்கின்றன.

எல்லை தாண்டிப் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் ஓசூர்ப் பட்டதாரிகளுக்கும் இதே கேள்வி, வேறு உடையில். மென்பொருள் கம்பெனியில் வேலை. பே-ரோல் ஒரு ஸ்டாஃபிங் நிறுவனத்தில். குறிப்பிட்ட காலம் கழித்து நிரந்தரமாக்கலாம் என்ற ஷரத்தோடு சேர்பவர்கள் பலர். ‘ஆக்கலாம்’ என்பதற்கும் ‘ஆக்கப்படும்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை மந்தநிலை காட்டிவிடுகிறது. ஆள் சேர்க்கத் தடை விதிக்கப்பட்ட கம்பெனியில் மேலாளர் விரும்பினாலும் நிரந்தர இடம் உருவாகாது. ஆனால் இவர்களுடைய திறமைக்குச் சந்தை அகலமானது, சேமிப்பும் சற்று உண்டு. ஆறு மாதம் காத்திருக்க முடிகிறவர், குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலையை அவசரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. லைனில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

சட்டத்தின் தரையும் இப்போது மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒப்பந்தத் தொழிலாளருக்கு நேரடியாகப் பயன்படும் நல்ல அம்சம். யாரிடம் வேலை செய்தோம் என்பதற்கு முதல் சான்று அதுதான். நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். ஆனால் வேலைப்பளு திடீரெனக் கூடினால் வைக்கலாம் என்று விலக்கும் தருகிறது. வண்டித் தொழிலில் பண்டிகைக் காலம் ஒவ்வோர் ஆண்டும் திடீரெனத்தான் வருகிறது என்று வாதிட இடம் இருக்கும்வரை இந்தத் தடையின் பலன் குறைவாகத்தான் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கை 20இலிருந்து 50 ஆக உயர்ந்தது. லே-ஆஃப், ஆள்குறைப்பு, மூடல் ஆகியவற்றுக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் ஆலையின் அளவு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்தது. ஓசூரின் நடுத்தர யூனிட்டுகள் பல இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. அங்குள்ள பர்மனென்ட் தொழிலாளரின் பாதுகாப்பு நேற்று இருந்ததைவிட மெல்லியது.

நிலையான கால வேலை என்ற நடுவகையும் இதில் வலுப்பெற்றிருக்கிறது. காண்ட்ராக்டர் இடையில் இல்லாமல் நிறுவனமே ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ நேரடியாக எடுக்கும் முறை இது. 2018இல் எல்லாத் தொழில்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளருக்குரிய சம்பளமும் சலுகைகளும் கிடைக்க வேண்டும். புதிய சட்டப்படி ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டியும் உண்டு. காலம் முடிந்தால் மட்டும் இழப்பீடு இல்லாமல் வெளியேற வேண்டும். ஆள்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளருக்கு 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையைக் கொடுக்கப் புதிதாக ஏற்படுத்தப்பட்ட மறுதிறன் நிதியும் அவருக்கு வராது. காண்ட்ராக்டரின் கீழ் இருப்பதோடு ஒப்பிட்டால் இது நிச்சயம் மேலானது. நிரந்தரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இந்தத் தொகுப்புகள் ரத்து செய்த மத்தியச் சட்டங்களின் பட்டியலில் இல்லை.

எப்போது மாறுவது என்பதில் மந்தநிலையின் வழக்கமான போக்கு கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. முதலில் ஓ.டி. நிற்கும். பிறகு அப்ரண்டிஸ் சேர்க்கை குறையும், ஞாயிறோடு சனியும் விடுமுறையாகும், காண்ட்ராக்டரின் ஆள்களில் கடைசி பேட்ச் குறையும். உற்பத்தியில்லா நாள்கள் அறிவிக்கப்படும்போது வெளியில் வேலை தேடுவோர் கூட்டம் ஏற்கெனவே பெருகியிருக்கும். ஓ.டி. நின்ற மாதத்தில் தேடத் தொடங்கியவருக்குக் கிடைக்கும் சிறு யூனிட் இடம், மூன்று மாதம் கழித்துத் தேடுபவருக்கு இருக்காது. இன்னொரு பக்கம், 480ஐ நெருங்கிக்கொண்டிருப்பவர் இருபது நாள் பொறுமையில்லாமல் தாமாக விலகிவிட்டால், இத்தனை நாள் சேர்த்த உரிமை அங்கேயே முடிந்துவிடும். தாமாக எழுதிக் கொடுத்து விலகுவதற்கும் நிறுத்தப்படுவதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. கணக்கு முடிக்கும்போது காண்ட்ராக்டர் நீட்டும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடுபவர்கள் அந்த வேறுபாட்டைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்கள்.

இடைக்காலத்தைக் கடக்க இருக்கும் ஏற்பாடுகளில் அதிகம் அறியப்படாதது இ.எஸ்.ஐ. வழங்கும் வேலையின்மை உதவி. 2018 ஜூலை 1இல் தொடங்கிய அடல் காப்பீட்டாளர் நலத் திட்டத்தின் கீழ், வேலை இழந்தவருக்குச் சராசரி தினச் சம்பளத்தில் பாதி, வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். சந்தா கட்டிய நாள்கள் பற்றிய நிபந்தனையும் உண்டு. அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால் கிளை அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் பெறுவோர் இ.எஸ்.ஐ.க்குள் வருவதால் ஓசூரின் ஒப்பந்தத் தொழிலாளரில் பெரும்பாலோர் இதற்குள் அடங்குவர். ஒப்பந்தத் தொழிலாளர் என்பதால் விலக்கு இல்லை.

பி.எஃப். விஷயத்தில் இந்தப் பக்கத்துப் பழக்கம் நஷ்டம் தருவது. ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். அஞ்செட்டிக் குடும்பத்துக்கு அந்தப் பணம் போர்வெல்லுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ உடனே தேவைப்படுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுச் சேவை வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரையிலான ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். பழைய கணக்கை அதே யு.ஏ.என். எண்ணின் கீழ் மாற்றிக்கொண்டால் காண்ட்ராக்டர் எத்தனை பேர் மாறினாலும் ஆண்டுகள் சேர்ந்துகொண்டே போகும். காண்ட்ராக்ட் வாழ்க்கையில் தொடர்ச்சி என்று ஒன்று எங்காவது இருக்கிறதென்றால் அது இந்த எண்ணில்தான். பி.எஃப். பாஸ்புக்கிலும் இ.எஸ்.ஐ. சந்தா விவரத்திலும் எந்த மாதம் யார் பணம் கட்டினார்கள் என்பது பதிவாகியிருக்கும். 480 நாள் வழக்கானாலும் கிராஜுவிட்டிக் கோரிக்கையானாலும், நியமனக் கடிதம், பே-ஸ்லிப், கேட் பாஸ், கம்பெனி கொடுத்த பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றோடு இந்த இரண்டு பதிவுகளையும் சேர்த்தே ஆய்வாளரும் தீர்ப்பாயமும் சேவைக் காலத்தை மதிப்பிடுகின்றன.